சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டம்

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நாலு வருடமாக வேலை பார்க்கிறேன். வேலை என்றால் மற்றவர்களுக்காகக் கட்டங்களை நிரப்புவது. சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா மாற்றம், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, நீக்குவது. ஆன்லைன் விண்ணப்பத்தில் சில கட்டங்களுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்பு நட்சத்திரம் இருக்கும். அது இருந்தால் அந்தக் கட்டம் கட்டாயம். காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. பதில் தெரியாதவர்கள் அதற்காக எழுந்து போய்விடுவதில்லை. மின்னஞ்சல் இல்லாதவருக்கு சென்டரின் மின்னஞ்சலைப் போடுவேன். வீட்டுக் கதவிலக்கம் தெரியாதவர், "பக்கத்து வூடு இருவத்தி மூணு, நீ ஒண்ண கூட்டி போடுப்பா" என்பார். கூட்டிப் போடுவேன். பக்கம் திறந்துவிடும்.

கட்டாயம் என்ற சொல்லோடு இவ்வளவு பழக்கம் இருந்தும், பிறக்கிற குழந்தைகள் எல்லாருக்கும் தகப்பன் யாரென்று பரிசோதனை செய்வதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மாத காலம் உறுதியாக நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் தென்னேரிக்குப் போய் என் அண்ணியிடமே அதைச் சொன்னேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாகக் கடந்தவன் நான் ஒருவன்தான். நைனா கைநாட்டு. அக்கா ஐந்தாவதோடு நின்று, ஐயங்கார்குளத்தில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. அண்ணன் எட்டாவதில் நின்று டிராக்டர் பழகி, பிறகு நெல் அறுக்கும் மெஷினுக்கு டிரைவராகப் போனார். நான் பிளஸ் டூவில் உயிரியலில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண் வாங்கி, கல்லூரியில் விலங்கியல் படித்தேன். அதனால் வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் என் கைக்கு வரும். நான் படித்துச் சொல்வதுதான் அந்தக் காகிதத்தில் இருப்பது. சரிபார்க்க ஆள் கிடையாது.

அறுப்பு மெஷின் டிரைவருக்கு வருடத்தில் பாதி வீட்டில் இருப்பு இல்லை. மார்கழி பிறந்ததும் மெஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் போனால் பங்குனியில்தான் திரும்புவார். அந்த வருடம் பொங்கலுக்கு மூன்று நாள் வந்துவிட்டுப் போனார். அண்ணி முழுகாமல் இருக்கிறார் என்ற செய்தி அவருக்கு அங்கே வயலில்தான் போய்ச் சேர்ந்தது. திரும்பி வந்தபோது டீக்கடையில் அவர் வயதுக்காரர்கள் விடவில்லை.

"இன்னாபா, மூணே நாள்ல அறுப்ப முடிச்சிக்கினு பூட்டியா?"

"மெஷின் ஓட்றவன் இல்ல? கையால அறுக்கறவனா இருந்தா மூணு மாசம் ஆவும்."

அண்ணனும் சேர்ந்து சிரித்தார். சிரிக்கக்கூடிய விஷயமாகத்தான் இருந்தது அது. புரட்டாசியில் கணக்குப் பிசகாமல் குழந்தை பிறந்தது. பெண். தலைப்பிரசவம் என்பதால் அண்ணி தென்னேரியில் தாய்வீட்டில் இருந்தார். வலி எடுத்ததும் காஞ்சிபுரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்றாம் நாள் குழந்தையின் உடம்பு மஞ்சளாகி, நீல விளக்கின் கீழ் வைத்தார்கள். எட்டாம் நாள் அனுப்பிவிட்டார்கள்.

அன்று மத்தியானம் அண்ணன் டிஸ்சார்ஜ் தாளோடு நேராக சென்டருக்கு வந்தார். "நாலு ஜெராக்ஸ் போடுடா" என்றார். போட்டேன். மெஷினிலிருந்து சூடாக வந்த தாளைக் கையில் வாங்கி, இங்கிலீஷ் எழுத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"இன்னா போட்டுகீறாங்க? படி."

"எடை ரெண்டு கிலோ எழுநூறு. மஞ்ச காமால இருந்துது, இப்ப இல்ல. அண்ணி ரத்தம் ஓ பாசிட்டிவ். கொயந்த ஏ பாசிட்டிவ்."

"என்னுது பி-டா. லைசன்ஸ்ல கீது." பர்ஸை எடுத்து அட்டையைக் காட்டினார். "அவளுதும் இல்லாம என்னுதும் இல்லாம ஏ எங்கருந்து வந்துது? ஆஸ்பத்திரில ஏத்திட்டாங்களா?"

கேலியாகத்தான் கேட்டார். நான் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பழைய தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டேன். மேலே அப்பா, பக்கவாட்டில் அம்மா, உள்ளே நான்கு அறைகள். பிளஸ் டூ பரீட்சையில் ஐந்து மதிப்பெண் கேள்வியாக வந்தது இது. அப்போது போட்டதைப் போலவே ஸ்கேல் வைத்துப் போட்டேன். நிரப்பி முடித்து, "வராது" என்றேன்.

"இன்னா வராது?"

"ஓ-வும் பி-யும் சேந்தா பி வரும், இல்ல ஓ வரும். ஏ வராதுண்ணா."

அவர் கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கு அதில் ஒன்றும் புரிந்திருக்காது. என் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது. "ஆஸ்பத்திரில தப்பா எழுதியிருப்பாங்க" என்றேன் அவசரமாக.

"ரெண்டு தபா எடுத்தாங்கடா. நா வெளியதான் நின்னுகினு இருந்தேன்" என்று சொல்லிவிட்டு, நாலு ஜெராக்ஸையும் மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

அந்த நேரத்தில் எங்கள் இருவருக்குமே சந்தேகம் வராத இடம் ஒன்று இருந்தது. அது லைசன்ஸ் அட்டை. அரசு முத்திரை போட்டு, பிளாஸ்டிக்கில் அடித்துக் கொடுத்தது. ஆஸ்பத்திரித் தாளிலும் முத்திரை. காகிதத்துக்குப் புதிதாக வந்த குடும்பம் எங்களுடையது. எங்களுக்கு முத்திரை இருந்தால் அது உண்மை. இரண்டு முத்திரைகள் முட்டிக்கொண்டபோது, முத்திரை இல்லாத ஒரு ஆள்மீது சந்தேகம் போயிற்று.

எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். குழந்தை பிறந்த முப்பதாம் நாள், தகப்பனின் அக்காளோ தங்கையோ தன் கையால் அரைஞாண் கயிறு கொண்டுபோய்க் குழந்தையின் இடுப்பில் கட்டுவாள். கயிறு கட்டிய பிறகு தகப்பன் குழந்தையை வாங்கி, காதில் மூன்று முறை பெயரைச் சொல்லுவார். அதுவரைக்கும் குழந்தைக்குப் பெயர் கிடையாது, பாப்பாதான். தகப்பன் வீட்டார் கயிற்றோடு வந்தால், எங்கள் பிள்ளை என்று ஒப்புக்கொண்டார்கள் என்று அர்த்தம். யாரும் அதை அப்படி விளக்கிச் சொன்னதில்லை. விளக்க வேண்டிய தேவை அதுவரை வந்ததில்லை.

முப்பதாம் நாள் நாங்கள் யாரும் போகவில்லை. மெஷின் ரிப்பேர் என்று அண்ணன் போனில் சொன்னார். அதற்கு முன்பே அவர் போனில், "ஒன் ரத்தம் இன்னா குரூப்பு?" என்று மூன்று தடவை அண்ணியைக் கேட்டிருக்கிறார். மூன்று தடவையும் ஓ என்றிருக்கிறார் அண்ணி. பிறகு அவர் போன் செய்வதையே நிறுத்திவிட்டார்.

அக்கா கயிறு வாங்கி வைத்திருந்தவள். சேதி கேட்டு ஐயங்கார்குளத்திலிருந்து வந்தாள். "ஏண்டா, நா போயி கய்ற கட்டிட்டு, நாளைக்கி இல்லன்னு ஆயிட்டா இன்னா பண்றது? கட்டுன கய்ற அவுத்துக்கினு வர்றதா?" என்றாள். அம்மா அழுதாள். நைனா மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போனார். மாடு ஏற்கெனவே குடித்திருந்தது.

அண்ணன்தான் அந்தப் பேச்சை முதலில் எடுத்தார். "எல்லாக் கொயந்திக்கும் பொறந்த அன்னிக்கே டெஸ்ட்டு எடுத்துடணும்டா. கவர்மெண்டே எடுக்கணும். எனக்கு இந்தப் பேஜாரு இருக்காது, அவளுக்கும் இருக்காது."

எனக்கு அது சட்டென்று சரியாகப் பட்டது. சென்னையில் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்து எடுத்துத் தகப்பனைச் சொல்லிவிடுகிறார்கள் என்று செல்போனில் பார்த்து வைத்திருந்தேன். எல்லாருக்கும் செய்துவிட்டால் யாரையும் தனியாகச் சந்தேகப்பட்டதாக ஆகாது. போலியோ சொட்டு மருந்து போல. சொட்டு மருந்து கொடுப்பதால் அந்தக் குழந்தைக்குப் போலியோ இருக்கிறது என்று யாராவது நினைக்கிறார்களா? இந்த உதாரணத்தை நான்தான் கண்டுபிடித்தேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பஞ்சு டெஸ்டுக்கு அண்ணியின் சம்மதம் வேண்டும். கேட்டுவர யார் போவது என்றபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "நீதான் படிச்சவன், எடுத்து சொல்லு" என்றார் அண்ணன். அவர் ஏன் வரவில்லை என்று நானும் கேட்கவில்லை.

ஐப்பசி மழைக்குத் தென்னேரி ஏரி நிரம்பியிருந்தது. வாலாஜாபாத்தில் பஸ் மாறி, ஆப்பிளும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு போய் இறங்கினேன். வாசலில் அண்ணியின் அம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"வாங்க. புள்ள பொறந்து நாப்பது நாளுக்கு அப்பால ஒரு ஆளு வந்துகீது. கய்று எங்க?"

"கயிறு அக்கா கொண்டாருவாங்க அத்த."

"அப்ப நீ இன்னாத்துக்கு வந்த? ஆப்பிளு குடுக்கவா? அதுக்கு இன்னும் பல்லு மொளைக்கல."

உள்ளே அண்ணி சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். தலையில் துணி கட்டியிருந்தார். அறை முழுக்கப் பூண்டு லேகிய வாசனை. என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் குழந்தையைத் தூக்கி என் மடியில் போட்டார். நாற்பது நாள் குழந்தையைத் தூக்கிப் பழக்கமில்லாத நான், இரண்டு கையையும் அசைக்க முடியாமல் அப்படியே பேச வேண்டியதாயிற்று. அவர் வேண்டுமென்றே செய்தாரா என்று தெரியாது.

"ஒரு பேப்பர் குடுங்கண்ணி, கட்டம் போட்டுக் காட்றேன்" என்றேன்.

"நா பத்தாவது பாஸு தம்பி. கட்டம்லாம் வாணாம், வாயால சொல்லுங்க."

சொன்னேன். ஓ, பி, ஏ எல்லாவற்றையும் சொன்னேன். பஞ்சைச் சொன்னேன். பிறகு, மனசு புண்படாமல் இருக்க வேண்டும் என்று, இதைச் சட்டமாகவே கொண்டுவர வேண்டும் என்று நான் நினைப்பதையும், போலியோ சொட்டு மருந்தையும் சொன்னேன்.

முடித்த பிறகு அண்ணி கேட்டார்: "அந்தப் பேப்பரு வர எத்தினி நாளு ஆவும்?"

"பத்து நாள் ஆகலாம்."

"அந்தப் பத்து நாளு புள்ளைக்கி அப்பன் யாரு?"

மடியில் நழுவிய குழந்தையின் தலைக்கு முழங்கையால் முட்டுக்கொடுத்தேன்.

"இல்ல, சட்டம் வந்துடுச்சின்னு வைங்க. எல்லா ஆஸ்பத்திரிலயும் எல்லா ஆம்பளையும் பேப்பரு வர்ற வரிக்கும் வெளிய ஒக்காந்துகினு இருப்பாங்களா? ஆமான்னு வந்தா உள்ள வந்து தூக்குவாங்க. இல்லன்னு வந்தா அப்பிடியே பஸ்சு ஏறிடுவாங்க. அந்தப் பத்து நாளு புள்ளைய யாரு தூக்கறது? மஞ்சளாச்சின்னா யாரு ஓடறது?"

"அப்படி இல்ல அண்ணி. எல்லாருக்கும்னு வந்துட்டா ஒருத்தரையும் சந்தேகப்பட்டதா ஆவாதுன்னு..."

"எல்லாரையும் சந்தேகப்பட்டா ஒருத்தரையும் சந்தேகப்படாத மாதிரியா? நல்லாகீது உங்க படிப்பு."

வாசலிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "எங்க தெருக்கோடியில ஒரு பொண்ணு கீறா. பண்ணவன் எனக்கு இல்லன்னுட்டு போயிட்டான். மூணு வருசமா அவ அந்த டெஸ்ட்டத்தான் எடு எடுன்னு அலையறா. அவளுக்குப் போயி கட்டாயம் பண்ணு. கேக்கறவளுக்குக் குடுக்க மாட்டாங்க. கேக்காதவ வூட்டுக்கு ஆப்பிளோட வந்துடுவாங்க."

குழந்தை என் மடியை நனைத்தது. அண்ணி எழுந்து வந்து எடுத்துக்கொண்டார். துணி மாற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், சாதாரணமாகக் கேட்டார்: "ஏன் தம்பி, எனக்கு இந்தப் பத்து மாசத்துல ஆறு தபா ரத்தம் எடுத்தாங்க. புள்ளைக்கி ரெண்டு தபா எடுத்தாங்க. அவருக்கு எப்ப எடுத்தாங்க?"

"லைசன்ஸ்ல போட்டிருக்கு அண்ணி. பி பாசிட்டிவ்."

"போட்டுகீது, சரி. எடுத்தது எப்ப?"

நனைந்த மடியைக் கைக்குட்டையால் துடைத்தேன்.

"தடுப்பூசி போட தெருவுக்கு வந்தப்ப மெஷினுக்கு அடியில பூந்து படுத்துக்கினவரு அவரு. எனக்கு ரத்தம் எடுக்க சொல்ல தொணைக்கி வந்துட்டு, ஊசியப் பாத்து அவரு மயக்கம் போட்டு வுயுந்தாரு. நர்சம்மா என்ன வுட்டுட்டு அவருக்கு சோடா குடுத்தாங்க. அந்த மனுசன் என்னிக்காவுது கைய நீட்டி ரத்தம் குடுத்திருந்தா அது உத்திரமேரூருக்கே தெரிஞ்சிருக்கும். எனக்குத் தெரியாம போயிடுமா?"

பிறகு, "சாப்ட்டுப் போங்க" என்றார். சாப்பிட்டேன். கத்திரிக்காய்க் குழம்பு. அத்தை பரிமாறினார். இரண்டாம் தடவையும் கேட்டுப் போட்டார்.

திரும்பும் பஸ்ஸில், வாலாஜாபாத் தாண்டியதும் எனக்கு அது ஞாபகம் வந்தது. நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். அண்ணனுக்கு லைசன்ஸ் எடுக்க உத்திரமேரூரில் ஒரு டிரைவிங் ஸ்கூலுக்குப் போனோம். விண்ணப்பத்தை நிரப்ப என்னைக் கூட்டிப்போயிருந்தார். இரத்த வகை என்ற கட்டம் வந்தது. அண்ணனைக் கேட்டேன். அவர் டிரைவிங் ஸ்கூல்காரரைப் பார்த்தார். ஸ்கூல்காரர், "எதனா ஒண்ணு போடுப்பா, காலியா வுடாத, திருப்பிடுவான்" என்றார். என் கழுத்தில் பள்ளி அடையாள அட்டை தொங்கியது. அதில் பி பாசிட்டிவ் என்று இருந்தது. அண்ணன் தம்பிக்கு ஒரே ரத்தம்தானே என்று அதைப் பார்த்து எழுதினேன். நல்ல கையெழுத்து என்று அந்த ஆள் பாராட்டியதுகூட நினைவுக்கு வந்தது.

சரி, என் அட்டையில் பி எப்படி வந்தது? அதையும் யோசித்தேன். ஆறாம் வகுப்பில் அடையாள அட்டைக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். பக்கத்து பெஞ்சுப் பையன் பி என்று எழுதினான். என்னுடையது காலியாக இருந்தது. வெட்கமாக இருந்ததால் நானும் அதையே எழுதினேன். அவனுக்கு யார் சொன்னார்களோ.

அந்தக் கட்டத்தை நிரப்பிய கைதான் போன மாதம் நாலு அறைக் கட்டம் போட்டு, வராது என்று சொன்னது. இதை உடனே வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "அண்ணனுக்கு ஒரு தடவை ரத்தத்தப் பாத்துடலாம். லைசன்ஸ்ல தப்பா இருக்கலாம்னு எனக்கு ஒரு டவுட்டு" என்றுமட்டும் சொன்னேன். அண்ணி கேட்ட கேள்வியையும் என் சந்தேகமாகவே சொன்னேன்.

மறுநாள் காலை அண்ணனை லேபுக்குக் கூட்டிப்போனேன். டெக்னீஷியன் என்னைவிட இரண்டு வயது பெரியவர். அண்ணனை பெஞ்சில் படுக்கவைத்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பச் சொன்னார். "விரல்ல ஒரே ஒரு குத்துண்ணா. நெல்லு குத்தற மாதிரிதான்."

"குத்திட்டியா?"

"இன்னும் பஞ்சே எடுக்கலண்ணா."

கண்ணாடித் துண்டில் மூன்று இடத்தில் ரத்தம் வைத்து, ஒன்றில் நீலச் சொட்டு, ஒன்றில் மஞ்சள், ஒன்றில் நிறமில்லாதது விட்டுக் கலக்கினார். நீலம் விட்ட இடத்தில் ரத்தம் திரிந்த பால்போலத் திப்பி திப்பியாகப் பிரிந்தது. நிறமில்லாதது விட்ட இடத்திலும் பிரிந்தது. மஞ்சள் விட்டது அப்படியே இருந்தது. "ஏ பாசிட்டிவ்" என்றார்.

அண்ணன் சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தார். தோள் குலுங்கியது. டெக்னீஷியன் ஊசிக்குத்தான் அழுகிறார் என்று நினைத்துக்கொண்டார்.

"உங்களுக்கும் பாத்துடவா?" என்று என்னைக் கேட்டார். விரலை நீட்டினேன். எனக்கு ஓ. பதிமூன்று வருடம் பி-யாக இருந்திருக்கிறேன். அன்று வீட்டுக்குப் போனதும் நைனாவுக்கும் அம்மாவுக்கும் என்ன வகை என்று கேட்க வாய் வந்தது. படித்தவனுக்கு வருகிற சாதாரண ஆர்வம்தான் அது. அம்மா அடுப்பில் குனிந்திருந்தாள். கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

வீட்டில் என்னைக் கொண்டாடினார்கள். "எந்தம்பி கண்டி படிக்கலன்னா ஒரு குடும்பமே போயிருக்கும்" என்று அக்கா தெருவில் நின்று எல்லாருக்கும் சொன்னாள். நான் மறுக்கவில்லை. நாலைந்து நாள் அப்படியே போயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை கயிற்றோடு எல்லாரும் தென்னேரிக்குப் போனோம். அத்தை பாய் விரித்தார். அக்கா குழந்தையின் இடுப்பில் கறுப்புக் கயிற்றைக் கட்டினாள். கட்டிக்கொண்டே, "எந்தம்பிதான் கண்டுபுடிச்சான், லைசன்ஸ்ல தப்புன்னு" என்றாள்.

அண்ணி என்னைப் பார்த்தார். "அப்பிடியா? அந்த லைசன்ஸ யாரு நெரப்புனது தம்பி? உங்க வூட்ல எழுதறவரு ஒருத்தருதானே?"

கோபமாகக் கேட்கவில்லை. அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

"நான்தான் அண்ணி" என்றேன். டிரைவிங் ஸ்கூலையும் அடையாள அட்டையையும் சொன்னேன். அண்ணனுக்கு எப்போது ரத்தம் எடுத்தார்கள் என்று கேட்டது அவர்தான், நானில்லை என்பதையும் சொன்னேன். அக்காவின் கை கயிற்று முடிச்சில் நின்றது. நைனா என்னைப் பார்க்காமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அண்ணன், "டேய்..." என்றார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து லேப் தாளை எடுத்தார். அதை அவர் அந்த நாலைந்து நாளும் பையிலேயே வைத்திருந்தார். "அது போவட்டும். இது போதுமாடா? இல்ல, அந்தப் பஞ்சு டெஸ்ட்டும் எடுத்தாத்தான் கரெட்டா தெரியுமா?" என்று எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டார்.

ஆமாம் போதும் என்று சொல்லியிருக்கலாம். யாரும் சரிபார்க்க முடியாது. ஆனால் உண்மை அதுவல்ல. ஏ வகை ரத்தம் எத்தனையோ பேருக்கு இருக்கும். "இது இருக்கலாம்னுதாண்ணா சொல்லும்" என்றேன். "இல்லன்னு நான் சொன்னது தப்பு. ஆமான்னு அடிச்சு சொல்ல இந்தப் பேப்பரால முடியாது."

குழந்தை புதுக் கயிறு உறுத்தியதோ என்னவோ காலை உதைத்துக்கொண்டிருந்தது. அண்ணி குழந்தையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். வழக்கப்படி இப்போது அண்ணன் கையை நீட்ட வேண்டும். நீட்டினார். ஒரு கையில் தாள் இருந்தது.

"அத்த வச்சிக்கினு எப்பிடி தூக்குவீங்க?" என்றார் அண்ணி. "பேப்பருக்காவ வந்திருந்தா பஞ்சு டெஸ்ட்டும் எடுங்க. நா வாணாம்னு சொல்லல, வாயத் தொறந்து காட்டச் சொல்றேன். ஆனா அப்ப இந்தக் கய்ற அவுத்துடுங்க. வந்தப்புறம் கட்டிக்கலாம். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க. தம்பிய அனுப்பாதீங்க."

அண்ணன் தாளை நான்காக மடித்தார். பையில் வைத்தால் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்து நைனாவிடம் கொடுத்தார். நைனா தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு பாய்க்கு அடியில் வைத்தார். அண்ணன் இரண்டு கையாலும் குழந்தையை வாங்கினார். அதுதான் அவர் முதல் தடவை சரியாக முகத்தைப் பார்த்தது என்று நினைக்கிறேன். காதருகில் குனிந்து பெயரைச் சொன்னார். முதல் தடவை குரல் வரவில்லை. அத்தை, "அது கணக்குல சேராது, மறுக்கா சொல்லு" என்றார். ஆக நான்கு தடவை சொன்னார்.

கட்டாயப் பரிசோதனை பற்றி இப்போது யாராவது கேட்டால் எனக்கு வேறு அபிப்பிராயம் இருக்கிறது. தெருக்கோடிப் பெண்ணுக்கு, கேட்ட அன்றே கிடைக்க வேண்டும். ஏமாற்றப்பட்ட ஆண்களும் இருப்பார்கள். அவர்களும் கேட்கட்டும். ஆனால் கேட்கிறவர் தன் வாயால், எதிரில் நின்று கேட்கட்டும். எல்லாருக்கும் கட்டாயம் என்று நான் ஆசைப்பட்டதன் காரணம் வேறொன்றுமில்லை. அண்ணன் கேட்கக் கூசியதை சட்டம் கேட்டுவிட்டால் நல்லது என்று நினைத்தேன். சட்டம் வரவில்லை, அதற்குப் பதிலாக நான் பஸ் ஏறிப் போனேன். அது வந்திருந்தாலும், எங்கள் பக்கத்தில் எத்தனை விரல் வழியாக அந்தத் தாள் வந்து சேரும் என்று எனக்குத் தெரியும். அதில் ஒரு விரல் என்னுடையதாக இருக்கும்.

குழந்தையை ஐந்தாம் மாதம் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். அண்ணி ஐந்தாம் மாதம் வரவில்லை. அண்ணன் அந்தப் பருவம் தஞ்சாவூர் போகாமல், இங்கேயே கிடைத்த அறுப்புக்கு ஓட்டிக்கொண்டு, வாராவாரம் தென்னேரிக்குப் போய்வந்தார். ஏழாம் மாதம் அண்ணி வந்தார். வந்த மறுவாரம், பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்கக் குழந்தையோடு சென்டருக்கு வந்தார். அண்ணன் வெளியே வண்டியை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தைத் திறந்தேன். தாய் பெயர், தகப்பன் பெயர் எல்லாம் பதிவாகி வந்தது. குழந்தையின் பெயர் மட்டும் காலி.

அண்ணி திரையைப் பார்த்தார். "பொறந்த அன்னிக்கி நர்சம்மா வந்து, அப்பா பேரு இன்னாம்மான்னு கேட்டாங்க. சொன்னேன். எழுதிக்கினாங்க" என்றார். "வேற ஒண்ணும் கேக்கல."

குழந்தையின் பெயரை அடித்தேன். அவருக்குப் படிக்கத் தெரியும். இருந்தாலும், "மொதல்லருந்து படிச்சுக் காட்டுங்க தம்பி, நா பாத்துக்கினே வர்றேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு கட்டமாகப் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் விரலைத் திரையில் வைத்துப் பார்த்து, "ம்" என்றார். அவர் கடைசி "ம்" சொல்லும்வரை காத்திருந்து, பிறகு சமர்ப்பித்தேன்.